ஷிஃப்ட் ஒண்ணு

"மோந்து பாருங்க" என்றார் ஹரிராம்.

மேசை மேல் இரண்டு கேஸ்கட்கள் கிடந்தன. பிரஷர் குக்கர் மூடிக்குள் போடுகிற கறுப்பு ரப்பர் வளையம், வேறொன்றுமில்லை. மீனலோசனி ஒவ்வொன்றாக எடுத்து மூக்குக்குக் கொண்டுபோய்விட்டு, பக்கத்தில் நின்ற முகேஷிடம் நீட்டினாள். அவனுக்கு இரண்டிலுமே பஞ்சர் கடை வாசனைதான் அடித்தது.

"பருப்பு இன்னும் வேகலைங்க" என்றான்.

ஹரிராமுக்குச் சிரிப்பு வரவில்லை. "இடது பக்கம் கிடக்கிறது இந்தக் கப்பலூர் ஃபாக்டரில செஞ்சது. வலது பக்கம் கிடக்கிறது கோயம்புத்தூர்ல ஒருத்தன் புதுசா இறக்கியிருக்கான். ரெண்டும் ஒரே கலவை. எந்த ரப்பர், எந்தப் பொடி, எது எம்புட்டுன்னு கண்டுபிடிக்க எனக்குப் பாதி ஆயுசு போச்சு. பெத்த பிள்ளைய ஊரான் வீட்டு வாசல்ல பார்த்த மாதிரி இருக்கு எனக்கு."

இந்த இடத்தில் மீனலோசனியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பாதி வாழ்நாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். மதுரை ஜில்லாவின் சண்டை, சமாதானம், காதல், கள்ளம் எல்லாம் அவள் காது வழியாகத்தான் போயின. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். முகேஷ் அவளுடைய உதவியாளன். டைப்ரைட்டிங் லோயர் பாஸ். வாய் மட்டும் ஹையர்.

"கலவை விகிதம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் மீனலோசனி.

ஹரிராம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். ஏசி போட்ட சின்ன அறை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, ஒரு டெலிபோன். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் மண்டையைப் போட்டுவிடும் என்று ஊரே பயந்து, ஒன்றும் ஆகாமல் போன வருஷம் அது. அந்தத் தைரியத்தில் ஹரிராம் அதை வாங்கியிருந்தார்.

"சென்னைலருந்து ஆள் வந்து போட்டுக் குடுத்தாங்க. யாரு வேணா போய் உக்காரலாம். ஆனா திரையில மூணே மூணுதான் வரும். ஸ்டாக் பார்க்கலாம், வருகை பார்க்கலாம், ஹெல்ப்புன்னு ஒண்ணு இருக்கு, அதைப் படிக்கலாம். வேற எந்தக் கட்டளை குடுத்தாலும் மிஷின் 'அனுமதி இல்ல'ன்னு சொல்லிரும். கலவையைத் திறக்கணும், ஃப்ளாப்பில காப்பி எடுக்கணும்னா மெயின் பாஸ்வேர்டு வேணும். அது அந்தப் பொண்ணுகிட்ட மட்டும்தான் இருக்கு. எனக்கே தெரியாது."

"எந்தப் பொண்ணு?"

"தமிழ்வாணி. கம்ப்யூட்டர் இன்சார்ஜ். முதல் ஷிஃப்ட்."

"பாஸ்வேர்டு அவகிட்ட இருந்தா அவ திருடியா? உங்க வீட்டுப் பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?"

"என் சம்சாரத்துக்கிட்ட."

"பாத்துக்கங்க, முதலாளி" என்றான் முகேஷ்.

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற இளைஞன் முன்னால் வந்தான். ஸ்ரீனிவாஸ். ஹரிராமின் அக்கா மகன், ஃபாக்டரி மானேஜர். இஸ்திரி கலையாத சட்டை. "சாட்சி இருக்கு மேடம். எங்க டிரைவர் உக்கிரபாண்டி காதால கேட்டிருக்கார். அண்ணே, சொல்லுங்க."

உக்கிரபாண்டி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். போன வாரம் ஆரப்பாளையத்தில் ஒரு எஸ்டிடி பூத்தில் தன் முறைக்காகக் காத்திருந்தாராம். உள்ளே ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். கப்பலூர், ரப்பர் ஃபாக்டரி என்று காதில் விழுந்ததும் உஷாரானாராம்.

"'ஷிஃப்ட் ஒண்ண அழுத்து, எல்லாம் திறந்துக்கிரும்'னான். அம்புட்டுத்தான் கேட்டுச்சு. நான் எட்டிப் பாக்குறதுக்குள்ள வண்டி ஏறிட்டான். உப்பத் தின்னவன், முதலாளிகிட்ட சொல்லாம இருக்க முடியுமா?"

"ஷிஃப்ட் ஒண்ணுல இருக்கிற பொண்ண அழுத்து, அதாவது மிரட்டு, இல்ல ஆசை காட்டு. எல்லாத்தையும் திறந்து குடுத்துரும்" என்று பொழிப்புரை சொன்னான் ஸ்ரீனிவாஸ். "வேற என்ன அர்த்தம் மேடம்?"

"நீங்க கம்ப்யூட்டர் தொடுறது உண்டா?"

"எனக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம். மத்தியானம் சாப்பிட்டுட்டு அந்த ரூமுக்குள்ள போவேன், ஏசி காத்துக்கு. ஆன் பண்ணக்கூடத் தெரியாது."

ஹரிராம் நாற்காலியை மீனலோசனி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டென்று அவர்கள் வீட்டு மொழிக்கு மாறினார். முகேஷுக்குச் சௌராஷ்டிரம் புரியாது. ஆனால் அந்தக் குழைவு எந்த மொழியிலும் புரியும். நீங்களும் நம்மவர்தானே, கொஞ்சம் பார்த்து முடித்துக்கொடுங்கள் என்கிற குழைவு.

மீனலோசனி பதிலைத் தமிழில் சொன்னாள், டிரைவருக்கும் கேட்கிற மாதிரி. "நம்ம ஆளுங்கிறதுக்காக அந்தப் பொண்ணுகிட்ட எழுதி வாங்கித் தரணும்னா, அதுக்கு வேற ஆளப் பாருங்க. நான் திருடனப் பிடிக்க வந்திருக்கேன்."

ஹரிராமின் முகம் சுருங்கியது. "ரெண்டாவது ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதுற வரைக்கும்தான் டைம். அதுக்குள்ள அவ ராஜினாமாவும் ஒப்புதலும் எழுதிக் குடுக்கணும். இல்லன்னா போலீஸ்." பிறகு முகேஷை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி எந்த ஊரு?"

"உசிலம்பட்டிப் பக்கம்ங்க."

"ஊர்ல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எதைத் தேடி வருகிறது என்று முகேஷுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். "பஸ் நிக்காத பக்கம்ங்க" என்றான்.

வெளியே வாசல் கேட்டில், செக்யூரிட்டி மேசையில், ஒரு பெண்ணின் உடைமை மொத்தமும் பரப்பிக் கிடந்தது. கைப்பை, சீப்பு, குடை, பஸ் பாஸ். டிபன் பாக்ஸையும் திறந்து கொட்டியிருந்தார்கள். எலுமிச்சைச் சாதத்தில் ஈ மொய்த்தது. சோற்றுக்குள் ஃப்ளாப்பியை ஒளித்துக் கொண்டுபோவாள் என்று எந்தப் புத்திசாலிக்குத் தோன்றியதோ தெரியவில்லை. காலையில் ஷிஃப்ட்டுக்கு வந்த அத்தனை பேர் முன்னிலையிலும் 'திருடி' என்று ஹரிராம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்.

பக்கத்து பெஞ்சில் தமிழ்வாணி உட்கார்ந்திருந்தாள். அழுத கண் இல்லை. அதைப் பார்த்ததும் முகேஷுக்கு அவளைப் பிடித்துப்போனது.

"கையெழுத்துப் போட்டா போலீஸ் இல்லங்கிறார்" என்று மீனலோசனி பேச்சைத் தொடங்கினாள்.

"போட்டா நான் திருடி. போடலைன்னா அவர் பொய்யர். இதுல எனக்கு எது தோதுன்னு நெனைக்கிறீங்க?"

"போலீஸ் வந்தா?"

"வரட்டுமே. மேடம், எங்க தெருவுல கம்ப்யூட்டர் படிச்ச மொத ஆளு நான். நாகமலை புதுக்கோட்டைல ரூம் எடுத்துத் தங்கிப் படிச்சேன். எங்கம்மா கூலிக்கு நாத்து நட்டுக்கிட்டே என்னைப் படிக்க வச்சுச்சு. இன்னைக்கு நான் தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு பஸ்ஸ விட்டு எறங்குனா, அடுத்து எந்தப் பிள்ளைய அங்கருந்து அனுப்புவாங்க? நான் கலவைய எடுக்கல. எடுத்தேன்னு சாமி வந்து சொன்னாலும் எழுதித் தர மாட்டேன்."

மீனலோசனி காலி டிபன் பாக்ஸை எடுத்து மூடி அவள் பக்கத்தில் வைத்தாள். பிறகு, "முகேஷு, வண்டிய எடு" என்றாள்.

"எங்கக்கா?"

"ஆரப்பாளையம். அந்த டிரைவர் கேட்டது அரைப் பேச்சு. மிச்ச அரைய யாராச்சும் கேட்டிருப்பாங்க."

மொபெட் ஹைவேயில் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, திருப்பரங்குன்றம் தாண்டி ஊருக்குள் நுழைந்து ஆரப்பாளையம் வந்து சேர்ந்தபோது முகேஷின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பஸ் ஸ்டாண்ட் வாசலில் 'தேனி, தேனி, தேனி' என்று கண்டக்டர்கள் தொண்டையைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் அடையாளம் சொன்ன மஞ்சள் போர்டு பூத்துக்குள் பூத்துக்காரி ராமக்காள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"போன வாரம் ஒருத்தன் கப்பலூருக்குப் பேசினானாம், ஞாபகம் இருக்கா?" என்றாள் மீனலோசனி.

"பூத்துல பேசுறதெல்லாம் நான் கேக்கறதில்ல தாயி." ராமக்காள் விறைப்பாகச் சொன்னாள்.

"நான் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

ராமக்காள் குபுக்கென்று சிரித்துவிட்டாள். தொழில் ரகசியம் தெரிந்தவளிடம் என்ன மறைப்பு? வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இருக்கு, இருக்கு. பூத்துக் கதவு சரியா மூடாது, நான் என்ன பண்றது? கழுத்துல செயின் போட்ட பய. எடுத்த எடுப்புல 'மாப்ள, ஒக்காந்துட்டியா'ன்னான்."

"மாப்ளயா?" முகேஷ் துள்ளினான். "அக்கா! தமிழ்வாணிய எவன் மாப்ளன்னு கூப்பிடுவான்? அந்தப் பக்கம் பேசுனது ஆம்பள!"

"அவசரப்படாத. ஆம்பள ஒருத்தன் போன்ல கேட்டுக்கிட்டுப் போய் அந்தப் பொண்ணை மிரட்டினான்னு ஹரிராம் சொல்லுவார். நீங்க சொல்லுங்கக்கா, அப்புறம்?"

"'மொதல்ல ஹெல்ப்புக்குப் போ'ன்னான். யாருக்கோ ஒத்தாசைக்கு அனுப்புறான், நல்ல பயதான்னு நெனச்சேன். அப்புறம் 'படம் மாறிருச்சா, படம் மாறிருச்சா'ன்னு கேட்டான். சரி, ஏதோ சினிமாக் கொட்டகைக்குப் பேசுறான்னு நெனச்சேன்."

"ரப்பர் ஃபாக்டரில என்ன படம் ஓடுதாம்?" என்றான் முகேஷ்.

"அதான் எனக்கும் வெளங்கல. அப்புறம்தான் அந்த ஷிஃப்ட்டுப் பேச்சு. 'ஷிஃப்ட்ட விட்டுராத மாப்ள, விடாம ஒண்ண அழுத்து'ன்னு ரெண்டு மூணு வாட்டி சொன்னான். பாவம், யாரோ வேலைய விட்டுட்டு ஓடப் பாக்குறான், இவன் புத்தி சொல்றான்னு நெனச்சேன். நல்லா திட்டவும் செஞ்சான். 'கைய எடுத்துட்டியே, விடாம அழுத்துடா'ன்னு."

மீனலோசனி நெற்றியைச் சுருக்கினாள். ராமக்காளின் வாய் நல்ல டேப்ரிக்கார்டர். பதிந்ததை அப்படியே திருப்பிக் கொடுத்தது. அர்த்தம்தான் பிடிபடவில்லை.

ரோட்டோரத்தில் நின்று ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடித்தார்கள். முகேஷ் வாய் ஓயாமல் அந்த வாக்கியத்தையே பாட்டு மாதிரி முனகிக்கொண்டிருந்தான். "ஷிஃப்ட்ட விடாம ஒண்ண அழுத்து... கைய எடுக்காத... ஷிஃப்ட்ட விடாம..." திடீரென்று அவன் கை அந்தரத்தில் நின்றது. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் தன்னால் கீழே அழுந்தியிருந்தது.

"அக்கா."

"என்னடா, பல் கூசுதா?"

"எங்க டைப்ரைட்டிங் மாஸ்டர் ஸ்கேலால அடிச்சு அடிச்சு இதத்தான் சொல்லிக் குடுத்தாரு. ஷிஃப்ட்ட விடாதடா, விடாம எழுத்த அழுத்துடான்னு. பெரிய எழுத்து வரணும்னா சுண்டுவிரலால ஷிஃப்ட்டுக் கட்டைய அமுக்கிப் பிடிச்சுக்கிறணும். அக்கா, இது ஃபாக்டரி ஷிஃப்ட் இல்ல. கீபோர்டு ஷிஃப்ட்!"

மீனலோசனி டம்ளரை அப்படியே வைத்துவிட்டாள். "ஷிஃப்ட்டும் ஒண்ணும் சேர்த்து அழுத்தினா என்னடா வரும்?"

"அதான் தெரியல. எங்க இன்ஸ்டிட்யூட் மிஷின்ல ஒண்ணுன்னு ஒரு கட்டையே கிடையாது. சின்ன 'எல்'ல ஒண்ணுன்னு வச்சுக்கிறச் சொல்வாரு."

"ஃபாக்டரி நடத்துறவங்க காதுல ஷிஃப்ட்டுன்னு விழுந்தா வேற என்னடா தோணும்? சங்குதான் தோணும். அவங்க நாள் பூரா கேக்கிற வார்த்தை. வண்டிய எடு."

கேட்டில் தமிழ்வாணி இன்னும் அதே பெஞ்சில்தான் இருந்தாள். மீனலோசனி குனிந்து அந்தப் பேச்சை அட்சரம் பிசகாமல் அவள் காதில் ஒப்பித்தாள். ஹெல்ப்புக்குப் போ. படம் மாறிருச்சா. ஷிஃப்ட்ட விடாம ஒண்ண அழுத்து.

தமிழ்வாணி எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"ஆச்சரியக்குறி!" என்றாள்.

"எதுக்கும்மா ஆச்சரியம்?"

"ஷிஃப்ட்டும் ஒண்ணும் சேர்த்தா ஆச்சரியக்குறி வரும் மேடம். ஐயோ! ஹெல்ப்பு அது பாட்டுக்குப் பக்கம் பக்கமா ஓடும்ல, அந்தத் திரை மாறுறதைத்தான் படம்னிருக்கான். அந்த ஹெல்ப்பக் காட்டுறது ஒரு தனி புரோகிராம். அது நடுவுல ஆச்சரியக்குறி போட்டு ஒரு கட்டளை அடிச்சா, அது அந்தக் கட்டளைய வாங்கி ஓட்டும். அதுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. சென்னைக்காரங்க அந்த ஹெல்ப்ப முழு அதிகாரத்தோட ஓட விட்டிருந்தாங்கன்னா, பாஸ்வேர்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். மெனு தடுக்கிறதெல்லாம் அது வழியா நடக்கும்."

"கல்யாண மண்டபத்துல பந்தி வாசல்ல பத்திரிகை கேட்டுத்தான் உள்ள விடுவான்" என்றான் முகேஷ். "சாம்பார் வாளியத் தூக்கிட்டு வாரவனை எவனும் ஒண்ணும் கேக்கறதில்ல."

"அதேதாண்ணே. ஆனா வெளியூர்லருந்து செய்ய முடியாது. அந்த மிஷினுக்கு வெளியிலருந்து லைன் கிடையாது. அந்த நாற்காலில உக்காந்தவன்தான் செஞ்சிருக்கணும்."

"போன் பக்கத்துல இருக்கிற நாற்காலி" என்றாள் மீனலோசனி. "நீ மத்தியானம் சாப்பிடப் போனப்ப யாரு யாரு உள்ள போவாங்க?"

"எல்லாரும்தான். டிரைவர் அண்ணன் ஸ்டாக் பாப்பாரு. முதலாளி வருகை பாப்பாரு. மானேஜர் சார் காத்து வாங்குவாரு."

மீனலோசனி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். அது சண்டைக்குப் போகிற செருகல் என்று முகேஷுக்குத் தெரியும்.

"எழுந்திரும்மா. உள்ள போவோம். நான் என்ன சொன்னாலும் நீ வாயத் திறக்காத."

ஏசி அறைக்குள் ஆறு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். கம்ப்யூட்டர் முன்னால் முகேஷ் உட்கார்ந்து, தெரியாத்தனமாகத் தட்டுகிறவன் போல ஹெல்ப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, அதைப் படிக்கிற பாவனையில் இருந்தான். தமிழ்வாணியை நடுவில் நிறுத்தினாள் மீனலோசனி. தான் கதவோரம் போய் நின்றுகொண்டாள், கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஒத்துக்கிட்டாளா?" என்றார் ஹரிராம்.

"மாட்டேங்கிறா. உங்க டிரைவர் சொன்ன வழிதான் சரிப்படும்." அவள் குரல் கடுமையாக மாறியது. "டேய் முகேஷு! ஷிஃப்ட் ஒண்ண அழுத்து!"

முகேஷ் நாற்காலியில் நிமிர்ந்தான்.

"அம்மா, அம்மா! வேணாம்!" உக்கிரபாண்டி பாய்ந்து தமிழ்வாணிக்கு முன்னால் வந்து மறித்து நின்றார். "பொம்பளப் பிள்ள மேல கைய வச்சீங்க, நல்லாருக்காது சொல்லிப்புட்டேன்!"

"அடி உதையெல்லாம் நம்ம காம்பவுண்டுக்குள்ள வேணாம் மேடம்" என்று ஹரிராமும் பதறி, அந்தப் பெண்ணின் பக்கமே கையை நீட்டினார்.

"ஏய்! கீபோர்டுலருந்து கைய எடு!" என்றான் ஸ்ரீனிவாஸ்.

ஸ்ரீனிவாஸின் கண் முகேஷின் இடது கைச் சுண்டுவிரல் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற எல்லோரும் தமிழ்வாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் ஒருவனைத் தவிர.

மீனலோசனி மெதுவாகத் திரும்பினாள். "கீபோர்டா? கீபோர்டுன்னு இங்க யாருங்க சொன்னா?"

"இல்ல, அவர் மிஷின் முன்னால... எதையாச்சும் தட்டிக் கெடுத்துருவாரோன்னு..."

"ஷிஃப்ட் ஒண்ண அழுத்துன்னேன். உங்க டிரைவருக்கு அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. உங்க மாமாவுக்கும் அந்தப் பொண்ணு ஞாபகம்தான். காலையில நீங்கதான இதுக்குப் பொழிப்புரை சொன்னீங்க, பொண்ண மிரட்டுறதுன்னு? இப்ப மட்டும் உங்களுக்கு எப்படி மிஷின் ஞாபகம் வந்துச்சு? ஆன் பண்ணக்கூடத் தெரியாதவருக்கு அந்த ரெண்டு கட்டை எங்க இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"இதெல்லாம் ஒரு ஆதாரமா?" ஸ்ரீனிவாஸ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"முகேஷு, இப்ப நெசமாவே அழுத்து. தமிழ்வாணி, கட்டளையச் சொல்லும்மா."

முகேஷ் சுண்டுவிரலால் ஷிஃப்டை விடாமல் ஒன்றை அழுத்தினான். திரையின் அடியில் ஆச்சரியக்குறி ஒன்று விழுந்தது. தமிழ்வாணி எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லத் தட்டினான். கடைசிக் கட்டையைத் தட்டியதும், எந்தப் பாஸ்வேர்டும் கேட்காமல், ஹரிராமின் பாதி ஆயுசு திரையில் மேலிருந்து கீழே வரிசையாக இறங்கியது. எந்த ரப்பர், எந்தப் பொடி, எது எவ்வளவு, அத்தனையும்.

"மூடு, மூடு! மூடித் தொலைடா!" ஹரிராம் இரண்டு கையாலும் திரையை மறைத்தார். பிறகு மறைத்த கையை எடுக்காமலே திரும்பி, அக்கா மகனிடம் வீட்டு மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

ஸ்ரீனிவாஸ் தமிழில் கத்தினான். "ஆமா மாமா, நான்தான்! பார்ட்னர் ஆக்குறேன், பார்ட்னர் ஆக்குறேன்னு எத்தனை தீபாவளிக்குச் சொன்னீங்க? கோயம்புத்தூர்க்காரன் கேட்ட நாளே ஆக்கிட்டான். என்கூடப் படிச்ச பயதான் இந்த வழியச் சொன்னான்."

"அந்தப் பொண்ணு மேல ஏண்டா பழியப் போட்ட?"

"நான் போடல. இவர் வந்து ஷிஃப்ட் ஒண்ணுன்னாரு, நீங்களே அவதான்னு முடிவு கட்டுனீங்க. நான் தலைய ஆட்டி, அதுக்குப் பொழிப்புரை சொன்னேன், அம்புட்டுத்தான்."

இதில் பொய் இல்லை. அதுதான் ஹரிராமை அதிகமாகச் சுட்டது. உக்கிரபாண்டி தமிழ்வாணியின் முகத்தைப் பார்க்க முடியாமல், "தங்கச்சி, எங் காதை அறுத்துப் போடணும்" என்றார்.

"நீங்க கேட்டதைத்தான சொன்னீங்கண்ணே" என்றாள் அவள்.

கொஞ்ச நேரத்தில் ஹரிராம் பழைய ஹரிராம் ஆகிவிட்டார். முதலாளிகளுக்கு அது சீக்கிரம் வரும். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. இது குடும்ப விஷயம், இந்த ரூமோட இருக்கட்டும். ஏதோ கம்ப்யூட்டர் கோளாறுன்னு வெளியில சொல்லிக்கலாம். தமிழ்வாணி, நீ நாளைலருந்து வேலைக்கு வா, நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. இப்ப மொதல்ல அந்த ஓட்டைய அடைச்சுட்டுப் போ."

'நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல' என்றார் பாருங்கள், அங்கேதான் முகேஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் மீனலோசனி அவன் தோளை அழுத்தினாள். இது அவன் பேச வேண்டிய இடம் இல்லை.

"அடைக்க மாட்டேன்" என்றாள் தமிழ்வாணி.

"என்னது?"

"காலையில கேட்டுல வச்சு, எங்கம்மா கட்டிக் குடுத்த சோத்தக் கொட்டி, திருடின்னு கத்தினீங்க. அதைக் கேட்டது மொத ஷிஃப்ட்டு முழுக்க. வீட்டுக்குப் போனா ஊர் முழுக்கச் சொல்லுவாங்க. ரூமுக்குள்ள நீங்க மனசுல வச்சுக்காம இருந்து எனக்கு என்ன ஆகப்போகுது? அதே கேட்டுல வந்து சொல்லுங்க. நான் திருடலைன்னு சொல்லுங்க. யாரு திருடினான்னு சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம், அது உங்க குடும்பம். என் பேரு என்னுது."

"அதெல்லாம் வழக்கம் இல்ல. முதலாளி போய்த் தொழிலாளிங்க முன்னால நின்னு..."

"அப்ப ஓட்டை கிடக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. இங்க இருக்கிறவங்க எல்லாருக்கும் இப்ப அந்த ரெண்டு கட்டையும் தெரியும்."

ஹரிராம் அறையைச் சுற்றிப் பார்த்தார். டிரைவர், துப்பறிகிறவள், உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், சொந்த அக்கா மகன். மீனலோசனியிடம் வீட்டு மொழியில் ஏதோ கெஞ்சினார்.

"எனக்கு இன்னைக்குத் தமிழ் மட்டும்தான் காதுல விழுது" என்றாள் மீனலோசனி.

அப்போது சங்கு ஊதியது. முதல் ஷிஃப்ட் வெளியே வந்தது, இரண்டாவது ஷிஃப்ட் உள்ளே வரக் காத்து நின்றது. கேட்டில் அந்த நேரத்துக் கூட்டம் எப்போதும் திருவிழாக் கூட்டம்தான். தமிழ்வாணி யாருக்கும் காத்திராமல் முன்னால் நடந்து போய் செக்யூரிட்டி மேசை அருகில் நின்றுகொண்டாள். ஹரிராம் வந்தார். ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று வந்தார்.

ஹரிராம் மேசையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். "தமிழ்வாணி... எதையும் எடுக்கல. என்னோட தப்பு."

"கேக்கல!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

ஹரிராம் தமிழ்வாணியைத் திரும்பிப் பார்த்தார், அவளாவது போதும் என்று சொல்லிவிடுவாள் என்று. அவள் அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"காலையில நல்லாக் கேட்டுச்சே, முதலாளி. அம்புட்டுச் சத்தம் போதும்."

ஹரிராம் மூச்சை இழுத்துக்கொண்டு, தொண்டை கிழியச் சொன்னார். ஹைவேக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள்கூட, யாரந்தத் தமிழ்வாணி என்று எட்டிப் பார்த்தார்கள். அவள் நன்றாகத் தெரிகிற மாதிரி நிமிர்ந்து நின்றாள்.